'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு அறுநூறு அர்த்தமா?

கேள்வி இதுதான்: "'ரன்' என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு அறுநூறுக்கு மேல் அர்த்தம் இருக்கிறதாமே, உண்மையா? ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை? இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?"

உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கொடுக்கிற கணக்கு 645. அதுவும் வினைச்சொல்லாக வரும்போது மட்டும். கிரிக்கெட் ரன், பேங்க் ரன், கோழி அடைக்கிற வேலிக்குச் சொல்லும் 'சிக்கன் ரன்' மாதிரி பெயர்ச்சொல்லாக வருவதெல்லாம் இதில் சேராது. முன்பு இந்த முதலிடம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' வினைக்கு 430 பொருள், 'அப்', 'அவுட்' மாதிரி துணைச்சொல் சேர்ந்த பிரயோகங்களையும் சேர்த்தால் விளக்கம் சுமார் 60,000 சொற்கள், அதாவது ஒரு சிறிய நாவல் அளவு. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக 'எம்' எழுத்திலிருந்து திருத்த ஆரம்பித்தார்கள். 2000-ல் 'மேக்' முந்தியது, 2007-ல் 'புட்', 2011-ல் 'ரன்'. பீட்டர் கில்லிவர் என்கிற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் சுமார் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பொருளை எண்ணுவது நெல்மணியை எண்ணுவது போல இல்லை, எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்பது அகராதிக்காரர் எடுக்கிற முடிவு. 'குதிரை ஓடுகிறது', 'மனிதன் ஓடுகிறான்' இரண்டும் ஒரே பொருளா, இரண்டு பொருளா? ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் பிரிப்பார். ஆக்ஸ்ஃபோர்டு ஆயிரம் வருட வரலாற்றைச் சொல்லவந்த அகராதி, அதனால் நுணுக்கமாகப் பிரிக்கிறது, செத்துப்போன பழைய பொருளையும் விடாமல் வைத்திருக்கிறது. மாணவர்களுக்கான கையகராதியைத் திறந்தால் இதே சொல்லுக்கு அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. அதனால் 645 என்பது இன்றைக்கு ஒரு லண்டன்காரர் தலைக்குள் சுமந்து திரிகிற பட்டியல் இல்லை. அவர் தலையில் இருப்பது ஒரு சில கருக்கள்தான், மற்றதெல்லாம் அவற்றிலிருந்து கிளைத்தவை. அந்தக் கருக்களைப் பிடித்துக்கொண்டால் போதும், மனப்பாடம் தேவைப்படாது. எது கரு என்பதில்தான் நம் பள்ளிக்கூடப் பாடம் நம்மைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது.

'ரன்' என்றால் 'ஓடு', காலால் வேகமாகப் போவது, என்று முதல் வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். அதனால் காலில்லாத பொருள் ஓடினாலே நமக்கு அது விசேஷ அர்த்தமாகத் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆளுக்கும் விலங்குக்கும் எவ்வளவு சொந்தமோ அவ்வளவு தண்ணீருக்கும் சொந்தம். அப்போது அதன் வடிவம் 'ரின்னன்', அதுவே எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது. தசை 'சதை' ஆனதையும் விசிறி 'சிவிறி' ஆனதையும் இலக்கணப்போலி என்று படித்தோமே, அதே சங்கதி. இதன் உறவுக்காரச் சொல்லான ஜெர்மன் 'ரின்னென்' இன்றைக்கும் தண்ணீர் வழிவதற்குத்தான் பயன்படுகிறது. சீஸ் செய்யும்போது பாலைத் திரளவைக்கச் சேர்க்கும் 'ரென்னெட்' என்ற பொருளின் பெயரும் இந்த வேரில் பிறந்ததே, பாலை ஒன்றாக ஓடிச் சேரவைப்பது என்ற கணக்கில்.

ஆக, கரு கால் இல்லை, தடையில்லாமல் தொடர்ந்து போவது. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. 'த கலர் ரேன்' என்றால் துணியில் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறிவிட்டது. குழாய் ரன் ஆகிறது என்றால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குப் பேச்சுவழக்கில் 'த ரன்ஸ்'. இவையெல்லாம் தனித்தனி அர்த்தங்கள் இல்லை, ஒரே ஓட்டம்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் திகைக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் என் முக்கியமான பதில். நம் 'ஓடு' கிட்டத்தட்ட இதே வேலையைக் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. தண்ணீர் ஓடுகிறது, அது ஓடுவதால்தான் ஓடைக்கு அந்தப் பெயர். ரத்த ஓட்டம், நீரோட்டம், மின்னோட்டம், எண்ண ஓட்டம். கடிகாரம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, தறி ஓடுகிறது, நாள் ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சினிமாவும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் நாடகமோ படமோ தொடர்ந்து நடப்பதை 'ரன்' என்பார்கள். லண்டனில் 1952 நவம்பரில் மேடையேறிய ஒரு துப்பறியும் நாடகம் 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்துகிற வரை இடைவிடாமல் ஓடியது, அதைத்தான் உலகத்தின் மிக நீண்ட 'ரன்' என்கிறார்கள். நாமும் 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது என்று அதே வினையை வைத்துத்தான் சொல்கிறோம். 'ட்ரையல் ரன்' என்பதற்குத் தமிழ் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த வெள்ளோட்டம் அச்சு அசலாக அதே பொருள், அதே வினையிலிருந்து வந்த சொல்.

(கூரை ஓடு, ஆமை ஓடு இதில் சேராது. அது ஒலி ஒத்துப்போன வேறு சொல். ஆங்கிலத்தில் வௌவாலும் 'பேட்', கிரிக்கெட் மட்டையும் 'பேட்', இரண்டுக்கும் பூர்வீகம் வேறு வேறு. ஒரு சொல் கிளைத்துப் பல பொருள் ஆவது ஒன்று, இரண்டு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்பது இன்னொன்று. அகராதியில் முதல் வகைக்கு ஒரே பதிவு இருக்கும், இரண்டாவது வகைக்குத் தனித்தனிப் பதிவு.)

சரி, இவ்வளவு ஒத்துப்போனால் நமக்கு ஏன் 'ரன்' குழப்புகிறது? நாம் இரண்டாக வைத்திருப்பதை ஆங்கிலம் ஒன்றாக்கிவிட்டது, அதனால். தமிழில் தன்வினைக்கு ஓடு, பிறவினைக்கு ஓட்டு. ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திருந்து–திருத்து என்று வரிசையாக இருக்கிறது. வண்டி ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். தானாக நடக்கிறதா, ஒருவர் நடக்கவைக்கிறாரா என்று வினையே சொல்லிவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஒரு ஜோடி இருந்தது: தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடவைப்பதற்கு, முக்கியமாகக் குதிரையை விரட்டிக்கொண்டு போவதற்கு, 'ஏர்னன்'. போகப்போக இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. மற்ற ஜோடிகள் சில பிழைத்துக் கிடக்கின்றன. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்பது அதன் பிறவினை, உட்கார வை. 'ஃபால்' விழு, 'ஃபெல்' மரத்தை வெட்டி வீழ்த்து. 'லை' படு, 'லே' கிடத்து. கடைசி ஜோடியில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தினமும் தடுமாறுகிறார்கள். 'ரன்' விஷயத்தில் தடுமாறவே வாய்ப்பில்லாதபடி ஒரே வடிவமாகப் போய்விட்டது. கற்றுக்கொள்கிற நமக்குத்தான் அது சிக்கல்.

அதனால் ஒரு வாக்கியத்தில் 'ரன்' வந்தால் நான் முதலில் பார்ப்பது பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் 'ஓடு', இருந்தால் பெரும்பாலும் 'ஓட்டு'. இந்த ஒரு சோதனையே பாதி அர்த்தங்களைப் பிரித்துக் கொடுத்துவிடும். 'ஷீ ரன்ஸ் எ கம்பெனி' என்றால் கம்பெனியை ஓடவைக்கிறார். நாம் அந்த இடத்தில் 'நடத்துகிறார்' என்போம். கவனித்தீர்களா, அதுவும் 'நட' என்பதன் பிறவினைதான். ஆங்கிலக்காரர் நிறுவனத்தை ஓடவைக்கிறார், நாம் நடக்கவைக்கிறோம், குடும்பத்தை மட்டும் 'ஏதோ ஓட்டுகிறேன்' என்கிறோம். 'ரன் எ பாத்' என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் ஓடவிடுவது. 'ரன் ஆன் ஆட்' விளம்பரம் ஓடவிடுவது, 'ரன் எ ஸ்டோரி' பத்திரிகையில் செய்தி வெளியிடுவது. 'ரன் கன்ஸ்' என்றால் ஆயுதத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் படகில் சாராயம் கடத்தியவர்களுக்கு 'ரம் ரன்னர்' என்றே பெயர். அலுவலக மெயிலில் அடிக்கடி வருகிற 'ஐ வில் ரன் இட் பை மை மேனேஜர்' என்பதும் இதே குடும்பம்: விஷயத்தை மேனேஜர் கண்முன்னால் ஒருமுறை ஓடவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது. முடிவெடுக்க அவரிடம் முறைப்படி ஒப்படைத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை, சும்மா காட்டிக் கருத்துக் கேட்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அனுமதி வாங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டால் வேலையில் வம்பு வரும்.

அப்புறம் இயந்திரம். 'ரன்' இவ்வளவு பெருத்ததற்குப் பெரிய காரணம் பிரிட்டனில் நடந்த தொழிற்புரட்சி. நீராவி எஞ்சின், நூற்பாலை, ரயில் என்று தானாக இயங்கிக்கொண்டே இருக்கிற பொருள்கள் வரிசையாக வந்தபோது அவற்றுக்கெல்லாம் ஒரு வினை வேண்டியிருந்தது. நிறுத்தி வைப்பதைச் சொல்கிற 'செட்', 'புட்' அந்த இடத்துக்குப் பொருந்தாது, தொடர்ந்து போவதைச் சொல்கிற 'ரன்' கச்சிதமாகப் பொருந்தியது. மில் ஓடியது, ரயில் ஓடியது, ரயிலுக்குக் கால அட்டவணை வந்ததும் 'ரன்னிங் லேட்' வந்தது, அச்சகத்தில் ஒரே தடவையில் அடிக்கிற பிரதிகள் 'பிரின்ட் ரன்' ஆயின. கம்ப்யூட்டர் வந்தபோது வேறு சொல்லையே யோசிக்கவில்லை, புரோகிராமும் ரன் ஆனது. விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்தினால் திறக்கிற பெட்டிக்குப் பெயரும் அதுதான். சோமனூரிலும் ஈரோட்டிலும் விசைத்தறிக்காரர்கள் "தறி ஓடுதா" என்று கேட்கும்போதும் இந்த ஓட்டத்தைத்தான் சொல்கிறார்கள்.

அசையாத பொருளும் ஆங்கிலத்தில் ஓடும், இது கொஞ்சம் நுட்பமான கிளை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 'ரன்ஸ்' என்று எழுதுவார்கள். சாலை எங்கேயும் போகவில்லை, பார்க்கிறவர் கண்தான் அதன்மேல் போகிறது. மொழியியலில் லெனார்ட் டால்மி என்பவர் இந்த வகையைக் கற்பனை நகர்வு என்று பிரித்துக் காட்டி விரிவாக எழுதியிருக்கிறார். நாம் இங்கே 'ஓடு' போடாமல் 'ரோடு நேராகப் போகிறது' என்போம், ஆனால் உள்ளே இருக்கிற பார்வை ஒன்றுதான். சுவர் ஓடுவது, முதுகெலும்போடு வலி ஓடுவது, ஒரு குணம் பரம்பரையாக வருவதைக் குடும்பத்தில் ஓடுகிறது என்பது எல்லாம் இதில் அடங்கும். பெண்கள் அணிகிற மெல்லிய காலுறையில் ஒரு இழை விட்டுப்போய்க் கீழே வரை பிரிந்து கோடாக நிற்பதை அமெரிக்கர்கள் 'எ ரன்' என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதையே 'லேடர்', ஏணி, என்கிறார்கள்.

இதே மாதிரி அமெரிக்கருக்கும் பிரிட்டிஷாருக்கும் பிரிகிற இன்னொரு இடம் தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ஓடுவார், பிரிட்டனில் நிற்பார். 'ரன் ஃபார் ஆபீஸ்' ஒரு பக்கம், 'ஸ்டாண்ட் ஃபார் எலெக்‌ஷன்' இன்னொரு பக்கம். நம் ஊரில் 'தேர்தலில் நிற்கிறார்' என்று பிரிட்டிஷ் பக்கமே நிற்கிறோம். அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. முக்கியக் குதிரைக்கு வேகம் கொடுக்கக் கூடவே ஓடவிடுகிற இன்னொரு குதிரைக்கு முதலில் அந்தப் பெயர். 2020-ல் பைடனோடு கமலா ஹாரிஸ் அப்படி நின்றபோது தமிழ்ச் செய்திகளிலும் இந்தச் சொல் நிறையவே அடிபட்டது.

கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரியும், இரண்டு பேர் 22 கஜத்தில் இடம் மாறி ஓடுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு குச்சியில் கீறல் போட்டு எண்ணுவார்கள், அதனால் ரன்னுக்கே 'நாட்ச்', அதாவது கீறல், என்ற பெயரும் இருந்தது. இன்றைக்குப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒரு அடி எடுத்துவைக்காமலே நான்கு ரன். செயலின் பெயர் அளவின் பெயராக உறைந்துவிட்டது. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் 'ரன்கள்', இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் 'ஓட்டங்கள்'.

பேங்க் ரன் அப்படி உறையவில்லை, அதில் இன்னும் ஓட்டம் இருக்கிறது. வங்கி கவிழப் போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வது அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் கிளைகளுக்கு வெளியே மக்கள் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள், 1866-க்குப் பிறகு அந்த நாடு பார்த்த முதல் பேங்க் ரன் என்று அதைச் சொல்வார்கள். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க்கிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் உத்தரவு கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதிக்கு யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூட வேண்டியிருக்கவில்லை. காலால் ஓடியவர் இல்லை, ஆனால் பணம் வெள்ளமாக ஓடியது. சொல்லின் பழைய தண்ணீர்ப் பொருள் இங்கே எவ்வளவு சரியாக உட்கார்கிறது பாருங்கள்.

நமக்கு உண்மையிலேயே பழக வேண்டிய கிளை ஒன்று உண்டு. 'ரன்' பின்னால் ஒரு பெயரடை வந்தால் அது 'ஆகிவிடு' என்ற பொருளுக்குப் போய்விடும். 'ரன் ட்ரை' வற்றிப்போ, 'ரன் ஷார்ட்' பற்றாக்குறை ஆகு, 'ரன் வைல்ட்' கட்டுமீறிப் போ. தமிழ் 'ஓடு' இந்த வேலையைச் செய்யாது, 'போ'தான் செய்யும்: வற்றிப்போச்சு, தீர்ந்துபோச்சு, கெட்டுப்போச்சு. ஆகவே இப்படிப்பட்ட வாக்கியத்தில் 'ஓடு' என்று மொழிபெயர்க்கவே கூடாது, 'போ' போட்டுப் பாருங்கள், உடனே சரியாகும்.

துணைச்சொல் சேர்ந்து வருகிறவற்றில் பொருளில் பாதியை அந்தத் துணைச்சொல்தான் தூக்குகிறது. 'அவுட்' என்றால் வெளியே முழுக்க, அதனால் 'ரன் அவுட்' ஓடி ஓடிக் காலியாவது, பெட்ரோலோ பொறுமையோ எதுவானாலும். (கிரிக்கெட்டில் வருகிற ரன் அவுட் வேறு, அது ஓடும்போது அவுட்.) 'இன்டு' மோதலைச் சொல்லும், அதனால் 'ரன் இன்டு' வண்டி மரத்தில் மோதுவதும்தான், வழியில் பழைய நண்பரை எதிர்பாராமல் சந்திப்பதும்தான். 'அப்' சேர்ந்தால் ஏறிக்கொண்டே போகும், கடன் பாக்கி மாதிரி. 'டவுன்' சேர்ந்தால் இறங்கும்: பேட்டரி தீரும், உடம்பு ஓய்ந்துபோகும், கட்டடம் பராமரிப்பில்லாமல் சிதையும், ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவதும் அதுவே. துணைச்சொல்லின் திசையைப் பார்த்துவிட்டு யாருக்கு, எதற்கு நடக்கிறது என்று பார்த்தால் அனேகமாக ஊகித்துவிடலாம்.

எதிலும் அடங்காமல் தனியாகக் கற்க வேண்டியவை மிகச் சில. 'ரன் த கான்ட்லெட்' அதில் ஒன்று. நான்கு பக்கமும் தாக்குதலை வாங்கிக்கொண்டு கடந்து போவதைச் சொல்வது. இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள் கம்போடு நிற்க, குற்றவாளி நடுவே ஓடியபடி அடிவாங்குகிற பழைய ராணுவத் தண்டனையிலிருந்து வந்தது. மூலம் 'கத்லோப்' என்ற ஸ்வீடிஷ் சொல், சந்து ஓட்டம் என்று அர்த்தம். ஆங்கிலக்காரர் வாயில் அது கையுறையைக் குறிக்கிற 'கான்ட்லெட்'டாக மாறிவிட்டது. 'ரன் அமக்' இன்னொன்று, வெறிபிடித்துக் கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்கிக்கொண்டு ஓடுவது. அந்த 'அமக்' மலாய் மொழியின் 'அமூக்'. இப்போது பள்ளியில் கத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளுக்குக்கூட அதைச் சாதாரணமாகப் போட்டுவிடுகிறார்கள், அதனால் செய்தியில் பார்த்தால் சூழலைப் படித்துவிட்டுத்தான் எவ்வளவு கடுமை என்று முடிவு செய்யுங்கள்.